31 மில்லிமீட்டர் ஊசி: 14 மாதம் கேட்டு வாங்கிய ஆபரேஷன் தையல் நூல் எப்படி இருக்கிறது?

சிஸ்டர் காலை ஏழு மணிக்கே போன் செய்தார். "டாக்டர், உங்க நூல் வந்திருக்கு. வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." காரை நிறுத்திவிட்டு வார்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆபரேஷன் தியேட்டர் ஸ்டோருக்குப் போனேன். அலமாரியின் மூன்றாவது தட்டில், பழைய நூல் பெட்டிகளுக்குப் பக்கத்தில், மூன்று டஜன் பாக்கெட் கொண்ட ஒரு பெட்டி. பாலிடயாக்சனோன் என்ற, மெதுவாகக் கரையும் தையல் நூல், 2-0 என்ற மெல்லிய அளவு, 70 சென்டிமீட்டர் நூல், 31 மில்லிமீட்டர் அரைவட்ட ஊசி. இதைக் கேட்டு நான் முதல் கடிதம் எழுதி 14 மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பெட்டி வந்து இப்போது ஐந்து மாதம். வயிற்றை நடுக்கோட்டில் திறந்த ஆபரேஷன்கள் எல்லாவற்றையும் அநேகமாக இதில்தான் மூடியிருக்கிறேன். நூலைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆனால் அது எங்கள் அலமாரிக்கு வந்து சேர்ந்த வழியைச் சொல்லாமல் நூலை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. பாளையங்கோட்டையில் எம்.பி.பி.எஸ்., மதுரையில் எம்.எஸ். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து 11 வருடம். குவாசுலு-நடால் மாகாணத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை. இந்த நூல் கம்பெனிக்காரர்களிடம் நான் ஒரு கப் டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. கம்பெனி பெயரையும் எழுதவில்லை. இதே நூல், இதே ஊசி நீளத்தில் பல கம்பெனிகள் செய்கின்றன. எனக்கு வேண்டியது அளவு.

அளவில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு நார்ப் படலம் இருக்கிறது. வயிற்றைக் கட்டி வைத்திருப்பது அதுதான். தோல் தையல் பத்து நாளில் ஆறிவிடும். இந்தப் படலமோ தன் பழைய பலத்தில் பாதிக்கு வரவே ஏறக்குறைய இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளும். அதுவரை இருமல், தும்மல், படுக்கையிலிருந்து எழுவது என்று எல்லாப் பாரமும் நூலின் மேல்தான். பாலிகிளாக்டின் மாதிரி வேகமாகக் கரையும் நூல் நான்காவது வாரத்திலேயே கால்வாசி பலத்துக்கு இறங்கிவிடும். பாலிடயாக்சனோன் அதே நான்காவது வாரத்தில் பாதிக்குக் குறையாமல் வைத்திருக்கும். முழுக்கக் கரைய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

சரி, நூல் இது. எவ்வளவு தள்ளிக் குத்துவது? நான் படித்த காலத்தில் சொல்லிக் கொடுத்தது, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர், அடுத்த தையலுக்கு ஒரு சென்டிமீட்டர். அதற்குத் தடித்த 1-ஆம் நம்பர் லூப் நூல் (இரட்டையாக மடித்து இரண்டு முனையும் ஒரே ஊசியில் சேர்ந்தது), 48 மி.மீ. ஊசி. அந்தப் பெரிய ஊசி படலத்தோடு சேர்த்துத் தசையையும் கொழுப்பையும் வாரிக்கொண்டு வரும். ஆபரேஷன் முடிந்த அன்று பார்க்க வெகு கெட்டியாக இருக்கும். பிறகு நோயாளி இருமுகிறார். நூல் அந்த மெத்தென்ற சதைக்குள் இறங்குகிறது. அவித்த முட்டையை நூலால் அறுப்போமே, அதேதான். சதை நைந்ததும் தையல் தொளதொளத்துப் போகும். ஓரங்கள் விலகும். பல மாதம் கழித்து அந்த இடைவெளியில் குடல் பிதுங்கிக்கொண்டு வரும்.

சின்னத் தையல் முறையில் ஓரத்திலிருந்து 5 மி.மீ., இடைவெளி 5 மி.மீ. படலத்தை மட்டும் குத்த வேண்டும், தசையைத் தொடக்கூடாது. காயத்தின் நீளத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு நூல் உள்ளே போயிருக்க வேண்டும். இந்த நான்கு மடங்குக் கணக்கை ஜென்கின்ஸ் என்ற சர்ஜன் 1976-லேயே சொல்லிவிட்டார். சுவீடனில் 737 நோயாளிகளை வைத்துச் செய்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பெரிய தையல் போட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு குடலிறக்கம் வந்தது, சின்னத் தையலில் 5.6 சதவீதம். 2015-ல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வில் பத்து மருத்துவமனை, 560 பேர். ஒரு வருடத்தில் பெரிய தையலில் 21 சதவீதம், சின்னத் தையலில் 13. தையல் எண்ணிக்கை சராசரியாக 25-லிருந்து 45 ஆனது. மூடும் நேரம் 10 நிமிடத்திலிருந்து 14 ஆனது. நான்கு நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். அந்த நெதர்லாந்து ஆய்வில் சின்னத் தையலுக்குப் பயன்படுத்தியது 2-0 நூலும் 31 மி.மீ. ஊசியும். பெரிய தையலுக்கு 1-ஆம் நம்பர் லூப்பும் 48 மி.மீ. ஊசியும்.

எங்கள் அலமாரியில் இருந்தது 48 மட்டும்.

48 ஊசியை வைத்துக்கொண்டே 5 மி.மீ. தையல் போட்டுப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். பல முறை. ஊசியின் வளைவே அத்தனை பெரியது, ஓரத்துக்குப் பக்கத்தில் குத்தினாலும் மறுபக்கம் தூரத்தில்தான் தலை நீட்டும். கையை எவ்வளவு திருப்பினாலும் கடப்பாரையால் பூக் கட்டுகிற வேலைதான். தடித்த நூலின் முடிச்சு வேறு படலத்தில் கொட்டைப்பாக்கு மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆக, நான் படித்த ஆய்வு ஒன்று, நம்பும் முறை ஒன்று, கை செய்வது இன்னொன்று. என் கையைத் தீர்மானித்தது ஸ்டோர் பட்டியலில் இருந்த ஒரு வரி.

அந்த முதல் கடிதத்தை எழுத வைத்தவர் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். பெருங்குடலில் புற்று. நான்தான் ஆபரேஷன் செய்தேன், நான்தான் மூடினேன், அந்த லூப் நூலில். புற்று முழுக்கப் போய்விட்டது. ஒரு வருடம் கழித்து கிளினிக்குக்கு வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்கு மேலே ஒரு மாம்பழ அளவுக்குப் புடைப்பு. இருமச் சொன்னேன். என் உள்ளங்கைக்கு அடியில் குடல் முட்டியது. அவருக்குப் பாட்டி பேசிய தமிழ் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, என்னிடம் மட்டும் அதைப் பேசுவார். "டாக்டர்மா, 40 வருஷமா தைப்பூசத்துக்குக் காவடி தூக்குறேன். இந்த வருஷம் முருகனுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார். இந்த ஊசியால்தான் அவருக்கு வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. 31 ஊசியில் மூடியிருந்தாலும் வந்திருக்கலாம், நூற்றில் 13 பேருக்கு வரத்தானே செய்கிறது. ஆனால் 21-க்கும் 13-க்கும் நடுவில் இருக்கிற அந்த எட்டுப் பேரில் ஒருவராக அவர் இருந்திருக்கலாமே என்ற நினைப்பு என்னை விடவில்லை. பிதுங்கிய இடத்தைத் தாங்க ஒரு வலை வைத்து அவருக்கு மறுபடி ஆபரேஷன் செய்தோம். அந்தத் தைப்பூசத்தில் மகன் காவடி எடுத்தார், இவர் பால் செம்பை மட்டும் தூக்கிக்கொண்டு கூட நடந்தார்.

அன்று சாயங்காலமே கடிதம் எழுதினேன். கொள்முதல் பிரிவிலிருந்து வந்த பதில் மரியாதையாகத்தான் இருந்தது: கேட்கும் பொருள் ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள விவரக்குறிப்பு "மெதுவாகக் கரையும் ஒற்றையிழை நூல், லூப், அளவு 1, ஊசி 48 மி.மீ." இதை யார் எழுதினார் என்று தேடிப் போனேன். முந்தைய டெண்டரிலிருந்து எடுத்தது. அதற்கு முந்தையதிலும் அதே வரி. எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய் எத்தனை வருடமோ. அவர் எழுதிய காலத்தில் அது சரியான வரியாகத்தான் இருந்திருக்கும்.

இந்த நாட்டில் அரசு கொள்முதல் எப்படி நடக்கிறது என்று அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். அரசியல் சட்டத்தின் 217-ஆம் பிரிவு சொல்வது, வாங்குவது நியாயமாக, சமமாக, வெளிப்படையாக, போட்டியோடு, செலவுக்குத் தகுந்த பலனோடு இருக்க வேண்டும். அப்போதைய விதிப்படி, 5 கோடி ராண்ட் வரையுள்ள டெண்டர்களில் 80 மதிப்பெண் விலைக்கு, 20 மதிப்பெண் நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு வாய்ப்புத் தருவது போன்ற நோக்கங்களுக்கு. அதற்கு மேல் போனால் 90-க்கு 10. தரம் என்பது வாசற்படி மாதிரி. தாண்டினாயா இல்லையா, அத்துடன் அதன் வேலை முடிந்தது. தாண்டிய பிறகு விலைதான் பேசும். அப்படியென்றால் அந்த வாசற்படியை எவ்வளவு உயரத்தில், எந்த இடத்தில் வைப்பது என்பதை எழுதுகிற தாள்தான் எல்லாம். சர்ஜன்கள் நாங்கள் அந்தத் தாள் எழுதும்போது மேஜையில் இருப்பதில்லை. பொருள் வந்த பிறகு தியேட்டரில் நின்று கத்துகிறோம். அந்தக் கோபத்தில் பாதி எங்கள் மேலேயே வர வேண்டியது.

கொள்முதல்காரர்கள் மேல் எனக்குக் கசப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கௌட்டெங் மாகாணச் சுகாதாரத் துறையில் நிதி அதிகாரியாக இருந்த பபிதா தேவ்கரன், ஒரு மருத்துவமனையின் கொள்முதலில் சந்தேகமான பணப்பட்டுவாடாக்களை நிறுத்தச் சொன்னவர். 2021 ஆகஸ்ட் 23 காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தவரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அப்படியொரு நாட்டில் ஒரு டாக்டர் "எனக்கு இந்த நூல்தான் வேண்டும்" என்று வந்து நின்றால் அதிகாரி சந்தேகப்படுவது அவருடைய கடமை. கம்பெனிப் பிரதிநிதிகள் சாப்பாடு வாங்கிக் கொடுப்பதும் டாக்டர்கள் அந்தக் கம்பெனிப் பொருளையே கேட்பதும் உலகம் முழுக்க நடக்கிற கதை. அதனால் நான் கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்பதை விட்டேன். நூல் வகை, அளவு, ஊசி நீளம், வளைவு, முனை, இவ்வளவுதான் எழுதினேன்.

அடுத்த தடை கணக்கு. லூப் நூல் 150 செ.மீ., ஒரு வயிற்றுக்கு ஒரு பாக்கெட் போதும். நான் கேட்பது ஒரு வயிற்றுக்கு இரண்டு பாக்கெட், இரண்டு முனையிலிருந்தும் தைத்துக்கொண்டு வந்து நடுவில் சேர்ப்போம். பாக்கெட்டை பாக்கெட்டோடு வைத்துப் பார்த்தால் நான் செலவு கூடுதலாகக் கேட்கிறேன். குடலிறக்கம் வந்தவருக்கு மறுபடி ஆகும் வலை, படுக்கை, தியேட்டர் நேரம், மயக்க மருந்து எல்லாம் வேறு தலைப்பில், வேறு வருடத்தில் எழுதப்படுகின்றன. நூல் வாங்குகிற மேஜைக்கு அந்தப் பில் வருவதே இல்லை.

கடைசியில் கொள்முதல் கமிட்டிக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். 15 நிமிடம் கொடுத்தார்கள். ஸ்லைடு எதுவும் எடுத்துப் போகவில்லை. டிபன் டப்பாவில் அவித்த முட்டை இரண்டு, ஒரு காடாத்துணி, இரண்டு ஊசி. முட்டையை நூலால் அறுத்துக் காட்டினேன். துணியில் ஒரு சென்டிமீட்டர் தையலும் அரை சென்டிமீட்டர் தையலும் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கச் சொன்னேன். தலைமை வகித்த அம்மா, ஜூலு பேசுகிறவர், துணியை வாங்கித் தடவிப் பார்த்தார். தன் அம்மா பள்ளிக்கூடச் சீருடை தைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார் என்றும், தையல் நெருக்கமாக இல்லாவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார் என்றும் சொன்னார். அதன் பிறகுதான் அந்த அறையில் பேச்சு நூலைப் பற்றி நடந்தது. அடுத்த டெண்டர் வரை காத்திருக்காமல், மூன்று கொட்டேஷன் வாங்கிச் சிறிய அளவில் எடுக்கச் சம்மதித்தார்கள். அதுவே வந்து சேர இன்னும் பல மாதம் ஆயிற்று.

இனி நூல்.

பாக்கெட் சுலபமாக உரிகிறது. உள்ளே இருக்கும் அலுமினிய உறை முக்கியம், ஈரம் பட்டால் இந்த நூல் பலம் இழக்கும். டர்பன் பிப்ரவரிப் புழுக்கத்தில் உறையைப் பிரித்துவிட்டுப் பிறகு பயன்படுத்தலாம் என்று எடுத்து வைக்கவே கூடாது. ஊசி அட்டையில் நிமிர்ந்து நிற்கிறது, ஹோல்டரால் ஒரே பிடியில் எடுக்கலாம். முனை நன்றாக இருக்கிறது. 20 தையலுக்குப் பிறகும் படலத்தில் சறுக்காமல் 'டப்' என்று நுழைகிற அந்தச் சின்ன உணர்வு விரலுக்குத் தெரிகிறது. பழைய லூப் ஊசியில் ஏழெட்டுத் தையலுக்குப் பிறகு தள்ள வேண்டியிருக்கும். இந்த ஐந்து மாதத்தில் ஊசி நூலிலிருந்து கழன்றது ஒரே ஒரு முறை.

குறைகளும் உண்டு. நூலுக்குச் சுருட்டிவைத்த ஞாபகம் அதிகம், உறையிலிருந்து எடுத்ததும் நூடுல்ஸ் மாதிரி சுருண்டு நிற்கும். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக ஒருமுறை நீட்டிவிட்டால் படியும். உதவிக்கு நிற்பவர் நூலை ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் பிடிக்கக்கூடாது, நசுங்கிய இடத்தில்தான் பிறகு அறும். ஒற்றையிழை என்பதால் முடிச்சு வழுக்கும், நான் ஆறு சுற்றுக்குக் குறைய விடுவதில்லை. ரொம்பப் பருமனான வயிற்றில், ஆழத்தில், இந்தச் சின்ன ஊசி கண்ணுக்கே சிக்காது, வெளிச்சமும், காயத்தை விலக்கிப் பிடிக்கும் நல்ல ரிட்ராக்டரும் வேண்டும். ஒரு பெரிய குறை, 2-0 பாக்கெட்டும் அதே கம்பெனியின் இன்னும் மெல்லிய 3-0 பாக்கெட்டும் ஒரே நிறம். இரவு இரண்டு மணிக்கு அவசரத்தில் மாறிப்போக வாய்ப்பு உண்டு. சிஸ்டர் பெட்டியின் மேல் தடித்த மார்க்கரால் "வயிறு" என்று ஜூலுவிலும் இங்கிலீஷிலும் எழுதி வைத்திருக்கிறார், நான் தமிழில் எழுதினேன்.

துப்பாக்கிச் சூடு, கத்திக்குத்து என்று வருகிற அவசரக் கேஸ்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், எங்களுக்கு அவை அதிகம். மேலே சொன்ன ஆய்வு எண்கள் முக்கியமாகத் திட்டமிட்ட ஆபரேஷன்களிலிருந்து வந்தவை. குடல் வீங்கி வயிறே மூட வராத நேரத்தில் என் கை இன்னும் சூழ்நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அதற்காக லூப் நூலையும் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம்.

விலை குறைந்தது எல்லாம் மட்டம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உகாண்டாவில் குடலிறக்க ஆபரேஷனுக்கு, கம்பெனி வலைக்குப் பதிலாகச் சுத்திகரித்த கொசுவலைத் துணியை வைத்துப் பார்த்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில் ஒரு வருடம் கழித்தும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதேபோல, கிருமிநாசினி பூசிய விலை கூடிய நூலை வாங்கச் சொல்லிப் பிரதிநிதிகள் விடாமல் வருவார்கள். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உட்பட ஏழு நாடுகளில் நடந்து 2021-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், அந்தப் பூச்சால் காயம் சீழ் பிடிப்பது குறையவில்லை. அதனால் நான் பூச்சு கேட்கவில்லை. என் கடிதத்திலேயே "பூச்சு தேவையில்லை" என்று எழுதினேன். சர்ஜன் ஒன்றை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததைக் கமிட்டி அம்மா இரண்டு முறை வாசித்தார்.

இந்த நூல் வந்ததில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் பயிற்சி டாக்டர்களைப் பார்த்து. அலமாரியில் இருப்பதைத்தான் அவர்கள் கை கற்கும். நாலு வருடம் லூப் மட்டும் பார்த்த பையன், வேறு ஊர் போய் நிபுணரான பிறகும் லூப்பையே கேட்பான். இப்போது ஒரு பெண், இரண்டாம் வருடம், ஸ்கேலை வைத்துத் தையலுக்கு இடையே அளந்துகொண்டே தைக்கிறாள். மிச்ச நூலை அளந்து, உள்ளே எத்தனை மடங்கு போயிற்று என்று ஆபரேஷன் குறிப்பில் எழுதுகிறாள். போன வாரம் 22 செ.மீ. காயத்துக்கு 105 செ.மீ. என்று எழுதியிருந்தாள். அந்த வரியைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

அடுத்து எழுதிக்கொண்டிருக்கும் கடிதம் கையுறைக்கு. என் கை 6-ஆம் நம்பர். ஸ்டோரில் வருவது 7, 7½, 8. விரல் நுனியில் ரப்பர் தொங்கிக்கொண்டு, மேலே சொன்ன அந்த 'டப்' உணர்வையே மழுக்கிவிடும். பயிற்சியில் இப்போது பெண்கள் அதிகம், எல்லோரும் இதே அவஸ்தை. இன்னொன்று, வயிற்றை மூடுவதற்கு முன்னால் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் சீழ் பிடிப்பது 18.9 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைகிறது என்று 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. 13,301 நோயாளிகள், தென்னாப்பிரிக்காவும் அதில் இருந்தது. மாற்ற வேண்டுமென்றால் மாற்றுவதற்கு ஒரு ஜோடி இருக்க வேண்டும், சுத்தமான இரண்டாவது கருவித் தட்டு இருக்க வேண்டும். இரண்டையும் கணக்குப் போட்டு, ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு என்று எழுதாமல், ஒரு வயிற்றுக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறேன்.

நூலை வாங்க நினைக்கும் மருத்துவமனைக்காரர்களுக்கு: விவரக்குறிப்பில் ஊசி நீளத்தை எண்ணாகவே எழுதுங்கள். "நடுத்தர ஊசி" என்று எழுதினால் 40 வந்து நிற்கும். பெட்டியின் காலாவதித் தேதியை வாங்கும்போதே பாருங்கள், எங்களுக்கு வந்ததில் இன்னும் மூன்று வருடம் இருந்தது. ஒரு வயிற்றுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்குங்கள், கீழே விழுவதும் கழல்வதும் உண்டு. எங்களிடம் இப்போது 14 பாக்கெட் மிச்சம். அடுத்த ஆர்டர் நேற்று போய்விட்டது.